கருந்தாடியின் கையெழுத்து

“யார் சார் இந்தக் கருந்தாடி?”

புதிதாகப் பொறுப்பேற்ற நூலகர், பழைய வருகைத் தாள்களைக் கோத்த கோப்பை மேசைமேல் திருப்பி வைத்தார். லிஃப்ட் மெக்கானிக் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

சனிக்கிழமைக்கு ஒரு தாள். தாளுக்கு நான்கு பெயர்கள். முதலாவது அவருடையது. இரண்டாவது, பக்கத்தில் நின்றிருந்த அவருடைய நண்பர் மருந்துக்கடைக்காரருடையது. மூன்றாவது ‘கருந்தாடி’. நான்காவது ‘ஊமை இளவரசி’.

“அவன்... ஒரு குள்ளன், மேடம். கையில கோடாலி வெச்சிருப்பான்.”

“இப்போ எங்கே இருக்கார்?”

“எரிமலையில விழுந்துட்டான்.”

நூலகர் சிரிக்கவில்லை.

மெக்கானிக் சொன்னது பொய்யன்று. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பேசி, பகடை உருட்டி, ஒரு கதைக்குள் புகுந்து விளையாடும் ஆட்டம் அது. நூலகத்தின் மாடியறையில் முப்பது ஆண்டுகளாக அந்தக் கதையை நடத்துபவர் அவர்தான்.

தொடக்கத்தில் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்று விளையாடினார்கள். பிறகு கணினியில் ஆட்டம் வந்தது. அதன்பின் கைபேசியிலும் வந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதுபோல் இருபது பேர் எட்டாகி, எட்டு நான்காகி, ஏழு ஆண்டுகள் நண்பர்கள் இருவருமே எல்லாப் பாத்திரங்களையும் பேசி ஆடினார்கள்.

இப்போது காற்று திசை மாறிவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் நாற்பது பேர் இடம் கேட்டுக் காத்திருக்கிறார்கள். அதனால்தான் மெக்கானிக் இன்னோர் அறை வேண்டுமென மனு எழுதினார். ‘ஆள் வராத ஏழாண்டுகளிலும் நாங்கள் இருவர் மட்டும் விடாது நடத்தினோம்’ என்று பெருமையாக அதில் ஒரு வரியும் சேர்த்தார்.

நுணலும் தன் வாயால் கெடும்.

“நாலு பேர் இல்லேன்னா ரூம் கிடையாது. இதுதான் விதி. ரெண்டு பேர்தான் இருந்தோம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ மீதி ரெண்டும் கள்ளக் கையெழுத்து. உங்க குழு போட்டதுன்னா, இருக்கற ரூமும் போயிடும் சார்.”

விதி மெக்கானிக் அறியாததன்று. யாரும் கேட்கவில்லை; இவரும் வாய் திறக்கவில்லை. உள்ளே நுழையும்போது கையெழுத்திடுவதோடு சரி. அந்தத் தாள் பிறகு எங்கே போகிறதென்று பார்த்ததே இல்லை.

கதவருகே அட்டெண்டர் அம்மா துடைப்பத்துடன் நின்றிருந்தார். கோப்பைத் தேடி எடுத்துவந்தவர் அவர்தான். சனிக்கிழமை ஆறு மணி அடித்தால் துடைப்பக் கட்டையால் கதவைத் தட்டி, “ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் பூதமாம் கோட்டையாம். எழுந்திருங்க, பூட்டணும்” என்று விரட்டுபவர். இத்தனை வருட எரிச்சலை இன்று ஒரே மூச்சில் தீர்த்துக்கொண்டார் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

மெக்கானிக் தாள்களைப் புரட்டினார். ஓரிடத்தில் கருந்தாடி மறைந்தான். அடுத்த வாரம் முதல் மூன்றாவது வரியில் ‘கருந்தாடியின் தம்பி’.

எரிமலையில் விழுந்தது அந்த வாரம்தான். அது தன்னைத் தவிர இன்னும் ஒருவருக்குத்தான் தெரியும். நண்பரை ஓரக்கண்ணால் பார்த்தார். பாவி மனுஷன், எனக்காகவா இதைச் செய்தான்?

“நான்தான் போட்டேன், மேடம்” என்றார் மெக்கானிக்.

“அவன் சொல்றதை நம்பாதீங்க. போட்டது நான்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“சும்மா இருடா.”

“நீ சும்மா இரு. ஒழுங்கா ஒரு பொய் சொல்ல வராது, பழியைத் தூக்க வந்துட்டான்.”

நூலகர் ஆளுக்கொரு காகிதத்தை நீட்டினார்.

“ரெண்டு பேரும் கருந்தாடின்னு எழுதுங்க.”

மெக்கானிக்கின் எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து ஓடின. மருந்துக்கடைக்காரருடையதை யாராலும் படிக்க முடியவில்லை. டாக்டர்களின் சீட்டைப் பார்த்துப் பார்த்து அவர் கையும் அப்படியே ஆகியிருந்தது. கோப்பில் இருந்ததோ குண்டு குண்டாக, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதியது.

“ரெண்டும் இல்லையே” என்றார் நூலகர்.

நண்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அவங்களை விடுங்க, மேடம்” என்றது கதவருகிலிருந்து ஒரு குரல். “நான் போட்டது.”

அட்டெண்டர் அம்மாதான்.

நூலகர் நம்பாமல் கோப்பைத் தூக்கிக் காட்டினார். “அப்படின்னா, கருந்தாடி ஏன் பாதியில நின்னுட்டார்?”

“எரிமலையில விழுந்தவன் எப்படி மேடம் கையெழுத்துப் போடுவான்? அப்புறம் தம்பிதானே வந்தான்.”

மெக்கானிக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

நூலகர் பேனாவை எடுத்தார். பிறகு மனுவை இழுத்துக் கையொப்பமிட்டார்.

“தப்பு ஆபீஸ் மேலதான், குழு மேல இல்லை. ரெண்டு ரூமும் எடுத்துக்கங்க சார். அம்மா, நீங்க மட்டும் ஒரு விளக்கம் எழுதித் தரணும்.”

“தர்றேன்.”

“இவங்களைக் கண்டாலே உங்களுக்கு ஆகாதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்களே?”

“ஆகாதுதான்.”

“அப்புறம் எதுக்கும்மா ஏழு வருஷமா இந்த வேலை?”

அட்டெண்டர் அம்மா துடைப்பத்தைக் கை மாற்றிக்கொண்டார்.

“சுரங்கத்துக்குள்ள ஆளை இறக்கிவிட்டுட்டு, மீதி அடுத்த வாரம்னு இவங்க பாட்டுக்கு எழுந்து போயிடுவாங்க. ரூமைப் பூட்டிட்டா, உள்ள போனவங்க உசுரோட வந்தாங்களா இல்லையான்னு நான் யாரைப் போய்க் கேட்கறது, மேடம்?”