எதிர் வாரம்

அவள் இருக்கை காலியாக இருந்தது.

நான்காவது வரிசை, ஜன்னலோரம். சுரங்கத்துக்கு ஏறும் பேருந்தில் யெர்கா எப்போதும் அங்கேதான் உட்காருவாள் என்று நிபால்தோ விசாரித்து வைத்திருந்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவையே பார்த்தான்.

கதவு மூடியது. பேருந்து கடலோர நகரமான அந்தோஃபகாஸ்தாவை விட்டுக் கிளம்பியது.

ஏழு நாள் மேலே வேலை, ஏழு நாள் கீழே ஓய்வு. ஒரு குழு ஏறும்போது மற்றது இறங்கும். நான்கு வருடமாக அவன் ஒரு குழு, அவள் மற்றது.

ஆனால் இசைக்குழு ஒன்றுதான். அவன் கிட்டார், அவள் டிரம்ஸ், வேறு யாரும் இல்லை. டூம் மெட்டல், அதாவது ராக் இசையிலேயே மிக மெதுவானது, மிகக் கனத்தது. அதற்கு முன், முதல் வருடம் இருவருக்கும் ஒரே வாரம், கீழே ஊரில் வாசிக்க ஒரே கொட்டகை. பிறகு கம்பெனி அவளை மாற்றிவிட்டது.

அதிலிருந்து அவள் தன் ஓய்வு வாரத்தில் கொட்டகைக்கு வந்து டிரம்ஸைப் பதிவு செய்துவிட்டுப் போவாள். அவன் தன் வாரத்தில் வந்து, காதில் அவளை மாட்டிக்கொண்டு, கிட்டாரைச் சேர்ப்பான். இப்படியே இரண்டு ஆல்பம் வந்தது. இரண்டு கோள்களில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள் போலிருக்கிறது என்று பின்லாந்தில் ஒருவன் எழுதினான். நிபால்தோ அதைப் பலமுறை படித்தான்.

எங்கிருந்து இந்த இசை என்று கேட்பவர்களிடம், திருவிழாவில் அப்பா ஊதிய டியூபா என்பான். கல் உடைக்கும் இயந்திரம் என்பான். இயற்பியலை இரண்டாம் வருடத்தில் விட்டவன். தொலைநோக்கிகள் உட்கார்ந்திருக்கும் மலைகளைப் பார்த்தால் இப்போதும் நின்றுவிடுவான். பாலைவனத்துப் பழைய ஊர்களில் விண்மீன்களைச் சேர்த்து உருவம் பார்ப்பதில்லை. பால்வீதிக்கு நடுவே இருக்கும் கறுப்புத் திட்டுகளுக்குத்தான் பெயர். லாமா என்ற விலங்கு, அதன் குட்டி, நரி. எல்லாம் இருட்டால் ஆனவை.

அவனும் அப்படித்தான் பாட்டுக் கட்டினான். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் இருப்பதுதான் பாட்டு.

அந்த இடைவெளியில் அவள் என்ன செய்கிறாள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொள்கிறாளா, மூச்சைப் பிடித்துக்கொள்கிறாளா. சேர்ந்து வாசித்த அந்த ஒரு வருடத்தில் அவன் கிட்டாரை விட்டுக் கண்ணெடுத்ததே இல்லை. அதே அறையில் உட்கார்ந்து ஒருமுறை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அதற்காகவே மேலாளரிடம் கெஞ்சி அவள் குழுவுக்கு மாற்றிக்கொண்டான். நடுவில் விழுந்த ஒரு வாரத்துக்கு விடுப்புப் போட்டான். அது அவளுடைய ஓய்வு வாரம். தினமும் கொட்டகைக்குப் போய்க் காத்திருந்தான். அவள் வரவில்லை. அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

பக்கத்து வரிசையில், அவள் குழுவில் லாரி ஓட்டும் ஒனோஃப்ரே ரொட்டிக்குள் வெண்ணெய்ப்பழத்தை அப்பிக்கொண்டிருந்தான்.

"உன் பாட்டு ஒண்ணு கேட்டேன் மாப்ள. முதல் அடி விழுந்துச்சு. ரெண்டாவது விழறதுக்குள்ள ஒரு எம்பனாதாவைத் தின்னு, கையையும் கழுவிட்டு வந்துட்டேன்."

"யெர்கா எங்கே?"

"அவளா? குழு மாத்திக்கிட்டாளே. கீழ இறங்கவே இல்ல. பதினாலு நாள் ஒரே மூச்சா வேலை பார்த்துட்டு இன்னைக்குத்தான் இறங்குறா."

நிபால்தோ சத்தமாகச் சிரித்துவிட்டான். முன்னால் தூங்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அவளும் அதையேதான் செய்திருக்கிறாள். அவன் அவள் குழுவுக்கு வர, அவள் அவன் குழுவுக்குப் போயிருக்கிறாள். இரண்டு முட்டாள்கள். நான்கு வருடத்தில் அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

வழியில் பக்கெதானோ என்ற ஊரில் பேருந்து நின்றது. இறங்கும் பேருந்து எதிரே நின்றிருந்தது. அவன் பையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான்.

ஒனோஃப்ரே அவன் சட்டையைப் பிடித்தான்.

"உட்காரு மாப்ள. நீ வர்றேன்னு கேண்டீன்ல பேசிக்கிட்டாங்க. சாப்பாட்டைப் பாதியில வச்சுட்டு எழுந்து போனா. அன்னைக்கேதான் மாத்தச் சொல்லிக் கேட்டா."

"நான் வர்றது தெரிஞ்ச பிறகா?"

"தெரிஞ்சதாலதான். மொதல்லயும் அவதானே கேட்டு மாறினா."

"அது கம்பெனி மாத்தினது."

"யாரு எந்த வாரம் வந்தா கம்பெனிக்கு என்ன? லாரி ஓடணும், அவ்வளவுதான்." ஒனோஃப்ரே ரொட்டியைக் கடித்தான். பிறகு மெல்வதை நிறுத்தினான். "உனக்குத் தெரியாதா?"

நிபால்தோ கீழே இறங்கினான். எல்லோரும் இறங்கிக் கழிப்பறைக்குப் போனார்கள். அவனும் அந்தப் பக்கம் நடந்தான்.

யெர்கா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் குழாயை மூடினாள். ஒளியவில்லை. புருவத்தில் இன்னும் தூசி இருந்தது. அவன் நினைத்து வைத்திருந்ததைவிட உயரம் குறைவு.

இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்கள். அந்த மௌனம் அவனுக்கு நன்றாகப் பழகியது. அதன் நீளத்தைக்கூட அவனால் சொல்ல முடியும்.

"இந்த வாரம் டிரம்ஸை முடிச்சு வச்சிடறேன்," என்றாள். "நீ இறங்கினதும் உன்னோடதைச் சேர்த்துடு."

ஏன் மாறினாய் என்று கேட்கத்தான் இறங்கி வந்திருந்தான்.

"எவ்வளவு மெதுவா?" என்று கேட்டான்.

அவள் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தாள்.

"போன தடவையை விட. தாங்குவியா?"

"தாங்குவேன்," என்றான் நிபால்தோ.