கணக்கில் வராத குழாய்

ஓய்வு பெறும் நாள். மருத்துவமனைத் தொற்றுகளை ஆராய்ந்தவர், முப்பது வருடமாகச் சேர்த்த தோல் கிருமி மாதிரிகளை ஃப்ரீசரிலிருந்து காலி செய்துகொண்டிருந்தார். உதவிக்கு வந்த கணவர் ஒரு சோதனைக் குழாயை எடுத்தார்.

"இது பதிவேட்டுலயே இல்லையே. 'உள்ளங்கை'ன்னு மட்டும் எழுதியிருக்கே. தூக்கிப் போட்டுடவா?"

"வேண்டாம், இருக்கட்டும்."

"அவ்வளவு மோசமான கிருமியா?"

"தெரியாது. நான் டெஸ்ட்டே பண்ணல."

"பின்ன எதுக்கு எடுத்தே?"

"எல்லாருக்கும் காதுக்குப் பின்னாடிதான் பஞ்சால தேய்ச்சு எடுத்தோம். ஒரு வார்டு நர்ஸோட கையைப் பிடிக்க மட்டும் எனக்கு வேற சாக்கு கிடைக்கல."

கணவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு மூணு தடவை தேய்ச்சியே. என் கைதான் சுத்தமில்ல போலன்னு, இன்னிக்கு வரைக்கும் சோப்பு போட்டுட்டு இருக்கேன்."