பூனை வந்த வீடு

"ஏங்க, அதை ஒண்ணும் பண்ணாதீங்க. அதுபாட்டுக்குப் படுத்திருக்கு."

லிஃப்ட் மெக்கானிக் கட்டிலருகே நின்றான். மனைவியின் கால்மாட்டில் ஒரு சாம்பல் நிறப் பூனை சுருண்டிருந்தது. அவன் குனிந்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"யார் இதை உள்ளே விட்டது?"

"யாரும் விடலை. மூணு நாளா வருது. நீங்க வேலைக்குப் போனதும் வந்துடும். என்னைப் பார்க்க வர்றவங்கள்ல 'இப்ப எப்படி இருக்கு'ன்னு கேட்காத ஒரே ஆள் இதுதான்."

வியாழக்கிழமை அவளுக்கு இதய ஆபரேஷன். அதுவரை கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் சீருடையை வாங்கச் சலவைக்கடைக்குப் போனான். பேச்சுவாக்கில் பூனையைப் பற்றிச் சொன்னான்.

கடைக்காரரின் கை நின்றது. "சாம்பல் கலரா? வால் நுனி மட்டும் வெள்ளையா?"

"ஆமா. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"மெக்கானிக், தப்பா எடுத்துக்காதீங்க. நான் வீடு வீடாத் துணி கொண்டுபோய்க் கொடுக்கிறவன். யார் வீட்டுக்குள்ளயும் போனதில்லை, வாசலோட சரி. போன வருஷம் இந்தப் பூனை தபால்காரர் வீட்டு வாசல்ல இருந்துச்சு. அடுத்த மாசம் அங்கிருந்து பொம்பளைத் துணி வரலை. அப்புறம் டீச்சர் வீடு. மூணே வாரம். அவங்க வீட்டுக்காரர் சட்டை வர்றது நின்னுபோச்சு."

"வயசானவங்களா இருந்திருப்பாங்க."

"தபால்காரர் சம்சாரத்துக்கு முப்பத்தஞ்சுதான்."

மெக்கானிக் சீருடையை வாங்காமலே திரும்பினான்.

மறுநாள் காலை, மனைவி கண் அயர்ந்திருந்தபோது, பூனையை டூல் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். அது கத்தவில்லை, பிறாண்டவில்லை. பையின் கனம்கூடக் கூடவில்லை போலிருந்தது.

நகரத்தின் மறுகோடியில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் அவனுக்கு வேலை. பூனையை அங்கிருந்த காவலாளியிடம் கொடுத்தான்.

"எலி பிடிக்குமா?"

"பிடிக்கும். ஆனா ரெண்டு நாளைக்கு வெளியே விட்டுடாதீங்க."

காவலாளி அதைச் சாமான் அறையில் விட்டுப் பூட்டினார். சாயங்காலம் கிளம்பும்போது மெக்கானிக் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். அட்டைப்பெட்டி மேல் அது தூங்கிக்கொண்டிருந்தது. பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

வீட்டில், மனைவியின் கால்மாட்டில் பூனை இருந்தது.

சாம்பல் நிறம். வால் நுனி வெள்ளை.

"இது எப்ப வந்துச்சு?"

"காலையிலேயே. நீங்க ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணினீங்க பாருங்க, அந்தச் சத்தத்துல முழிச்சேன். அப்பவே படுத்திருந்துச்சு. நாள் பூரா நகரலை."

அவன் டூல் பையின் ஜிப்பைத் திறந்து பார்த்தான்.

"என்னங்க முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு? ஆபரேஷன் எனக்கா, உங்களுக்கா?" என்று சிரித்தாள் அவள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தான். பாதி போர்வையில் கொட்டியது. பூனை காலை மட்டும் நகர்த்திக்கொண்டது.

எந்த லிஃப்டையும் நிறுத்துவதற்கு ஒரு வழி இருக்கும். அவன் தொழில் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான். நாலு வீடு தள்ளியிருந்த டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். "வாங்க தம்பி. சம்சாரம் எப்படி இருக்காங்க?"

"டீச்சர், அந்தச் சாம்பல் பூனை உங்க வீட்டுல இருந்துச்சாமே. அதை எப்படி அனுப்பினீங்க?"

"நான் எங்கே அனுப்பினேன்? அதுவா வந்துச்சு, அதுவாப் போச்சு. அவர் போனப்புறம் விளக்கை அணைச்சுட்டுத் தூங்கவே எனக்குப் பயம். ஒருநாள் அணைச்சுட்டுத் தூங்கினேன். காலையில எழுந்து பார்த்தா, அதைக் காணோம்."

"இப்ப எங்க வீட்டுக்கு வந்திருக்கு. கொண்டுபோய் விட்டாலும் போகமாட்டேங்குது. நாளன்னிக்கு அவளுக்கு ஆபரேஷன், டீச்சர். அவ போயிட்டா எனக்குன்னு யாருமில்லை. அவ காலடியிலேயே கிடக்கு. உங்க வீட்டுக்காரர் காலடியிலயும் இப்படித்தான் கிடந்துச்சா?"

டீச்சர் கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தார்.

"அவர் காலடியிலயா? அவர் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கலையே தம்பி. 'என்னைக் கண்டா இதுக்கு ஆகலை'ன்னு அவர் கோவிச்சுக்குவார். மூணு வாரமும் என் காலடிதான். தபால்காரரும் அதையேதான் சொன்னார். சம்சாரம் பால் வச்சுக் கூப்பிட்டாலும் போகாதாம். அவர் கால்மேலேயே ஏறிப் படுத்துக்குமாம்."

மெக்கானிக் படியில் உட்கார்ந்தான். பிறகு, பல வாரங்களுக்கு அப்புறம் முதல் முறையாக, வாய்விட்டுச் சிரித்தான்.

"அப்போ அவ பிழைச்சுடுவா டீச்சர்" என்றான். "விளக்கை அணைச்சுட்டுத் தனியாத் தூங்க மட்டும் அவளுக்கு நீங்கதான் பழக்கிவிடணும்."