லிந்துலையிலிருந்து நிலாவுக்கு

“இன்னொண்ணும் எழுதுங்க சார். ராக்கெட்டு கெளம்புற எடத்துல நம்ம லிந்துலையையும் சேர்க்கச் சொல்லுங்க.”

ஹட்டனில் இன்டர்நெட் கடை வைத்திருக்கும் பேரின்பநாயகம், விண்வெளி விளையாட்டைச் செய்த வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தவள் தவச்செல்வி. லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். ஞாயிறு தவறாமல் கடைக் கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டை ஆட வந்துவிடுவாள்.

“தேயிலை மலையில ராக்கெட்டோ, பிள்ளை?”

“மலையிலேருந்து கெளம்புனா நிலா கிட்டதானே? எழுதுங்க. முக்கியமா, போன்ல ஆடுற மாதிரி வேணும். நாங்க இருக்குற லயத்து வீட்டுல அடிக்கடி கரண்டு போயிரும், பேட்டரிய ரொம்பத் தின்னக் கூடாது. சின்ன ஸ்கிரீன்லயும் ராக்கெட்டுல எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு காட்டுற முள்ளு தெளிவாத் தெரியணும்.”

“அவங்கள் சிரிக்கப் போறாங்கள்.”

“சிரிச்சுக்கிட்டே செய்யட்டும்.”

அவர் தட்டி முடித்தார். “சரி, உம்மட போன் என்ன மாடல் எண்டு சொல்லும். அதையும் போட்டு விடுவம்.”

“எங்கிட்ட ஏது சார் போனு?”

பேரின்பநாயகத்தின் விரல்கள் அப்படியே நின்றன. “போனே இல்லாமலோ இவ்வளவு நேரம் என்னை எழுத வைச்சனீர்?”

தவச்செல்வி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ராக்கெட்டுந்தான் எங்கிட்ட இல்ல. போன வாரம் நான் நிலாவுல எறங்கலையா? அனுப்புங்க சார்.”