வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

கீழே மாவு மில் ஓடும் சிராங்கூன் சாலைக் கடைவீடு ஒன்றின் மாடியறை. கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் மதிய வெளிச்சத்தில் வாடகை ஒப்பந்தம் மேசைமேல் கிடக்கிறது. குளுவாங் ஊரிலிருந்து ஆசிரியர் பயிற்சிக்கு வந்திருக்கும் மரகதவல்லி, கையெழுத்துப் போடுமுன், எழுதி வந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். குழாயில் தண்ணீர் எப்போது வரும், விளக்கை எத்தனை மணி வரை எரிக்கலாம். வீட்டுக்கார அம்மாள் வெற்றிலையை மென்றபடி இனிமையாகப் பதில் சொல்கிறார். "கதவுச் சாவி?" "சாவியெல்லாம் எதுக்கு லா? நான்தான் இருக்கேனே." மரகதவல்லி திரும்பிக் கதவைப் பார்க்கிறாள். உட்பக்கம் தாழ்ப்பாளைப் பிடுங்கிய இடத்தில் நான்கு துளைகள் மட்டும் இருக்கின்றன. வெளிப்பக்கம் புதுப் பித்தளைத் தாழ்ப்பாள் பளபளக்கிறது. "இது ஏன் வெளியில இருக்கு?" அம்மாள் மெல்லுவதை நிறுத்துகிறார். "வயசுப் பொண்ணுங்க தங்குற இடம்மா. உங்க நல்லதுக்குத்தான்." மரகதவல்லி பேனாவை மூடிப் பையில் போடுகிறாள். "அண்ணன்கிட்ட கேட்டுட்டு வரேன்" என்று எழுந்து, வாசலை மறித்து நிற்கும் அம்மாளை ஒட்டி உரசிக்கொண்டு வெளியே வருகிறாள். பக்கத்து அறைக் கதவிலும் அதே தாழ்ப்பாள், போட்டபடி இருக்கிறது. கீழே மாவு மில்லின் இரைச்சல் சட்டென்று அடங்குகிறது. அந்த அமைதியில், மூடிய கதவை உள்ளேயிருந்து யாரோ விரல் மடக்கி மெதுவாகத் தட்டுவது கேட்கிறது. "பூனை" என்கிறார் அம்மாள். அவர் கை இவள் தோளை இறுகப் பற்றுகிறது. மறுபடியும் தட்டும் சத்தம். மரகதவல்லி அந்தக் கையை உதறிவிட்டுத் தாழ்ப்பாளை இழுக்கிறாள்.