கூப்பிட வேண்டிய இடம்

அம்மா எலும்புக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளே தறியில் நெய்த சிவப்புச் சட்டை. கையை நுழைக்க வழியில்லை. விலா எலும்புகளின் மேல் விரித்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

வெளியே பட்டாசு வெடித்தது. உள்நாட்டுப் போரை முடித்த சமாதான ஒப்பந்தத்துக்கு அன்றைக்கு ஆண்டு விழா. அந்த நாளில்தான் எலும்புப் பெட்டியைக் கொடுக்க வேண்டும் என்று மேயர் பிடிவாதமாக இருந்தார். ஃபோட்டோவுக்கு நன்றாக இருக்குமாம்.

ராணுவ முகாமுக்குப் பின்னால் தோண்டிய குழியிலிருந்து அம்மாவின் முதல் புருஷன் காஸ்பார் வீட்டுக்கு வந்திருந்தான். மகள் ஹசிந்தாவின் எச்சிலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அவன் இன்னார் என்று சொன்னார்கள். அவன் செத்தபோது அவளுக்குப் பல்கூட முளைக்கவில்லை. இப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

எலும்பு வந்தால் மட்டும் போதாது. உயிர், விழுந்த இடத்திலேயே கிடக்கும். அங்கே போய்ச் சாராயம் ஊற்றி, மெழுகுவத்தி ஏற்றி, பச்சைக் கிளையால் மூன்று தரம் தரையில் அடித்து, வீட்டுக்கு வா என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் புதைத்தால் விறகைப் புதைத்த மாதிரி. இடம் தப்பினால் இன்னும் மோசம், வேறு யாராவது எழுந்து வந்துவிடுவார்கள். இந்த ஊரில் எங்கே அடித்தாலும் யாராவது வருவார்கள்.

முகாமில் இருந்தது குழி மட்டும்தான். கொன்றது ஊருக்குள். ஊர்க்காரனை வைத்தே ஊர்க்காரனைக் கொன்றுவிட்டு, பிணத்தை லாரியில் அள்ளிக்கொண்டு போவது ராணுவத்தின் வழக்கம்.

"கூட்டிட்டுப் போனாங்க, அவ்வளவுதான் தெரியும்." எப்போது கேட்டாலும் அம்மா இதைத்தான் சொல்வாள்.

பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்தாக வேண்டும். ஹசிந்தா காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கினாள். அந்தக் காலத்தில் ராணுவம் சொன்ன ரோந்துக்குப் போகாத ஆம்பளை இந்த மலையில் கிடையாது. போகமாட்டேன் என்றவன் காஸ்பார் மாதிரிக் குழிக்குள் போனான். ரோந்து போனவர்களெல்லாம் இன்றைக்கும் அதே தெருவில் இருக்கிறார்கள். அதே தண்ணீர்க் குழாயில் குடம் பிடிக்கிறார்கள். எல்லோரும் அவளை உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை.

ரோந்துக்குத் தலைவனாக இருந்த தோமிங்கோ இப்போது தேவாலயத் திருவிழாவில் சிலை தூக்கும் பெரிய மனுஷன். அவன் மட்டும் பல் இல்லாத வாயால் சிரித்தான்.

"ஊரெல்லாம் கேட்டுட்ட டீச்சரம்மா. உன் வீட்டுல கேட்டியா?"

அம்மா மறுகல்யாணம் செய்ததைக் குத்துகிறான் என்று ஹசிந்தா நினைத்தாள்.

"எங்கம்மாவப் பத்திப் பேசினா வாய் புழுத்துடும் கிழவா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

குத்துவதற்கு என்ன இருக்கிறது அதில்? ஆம்பளை இல்லாத வீட்டுக்கு அந்த வருஷம் சோளம் கிடையாது. நிக்கோலாஸ் ஒரு மூட்டைச் சோளத்தோடு வந்து நின்றான். அம்மா கதவைத் திறந்தாள்.

அவனைத்தான் ஹசிந்தா அப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். சேற்றுப் பாதையில் அவளைத் தோளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போனவன் அவன். இன்று காலைகூட, யாரையும் தொடவிடாமல், பெட்டியைக் கட்டிய வாரை நெற்றியில் மாட்டி முதுகில் சுமந்து வந்தவன். அவளை ஒரே ஒரு தடவைதான் அடித்திருக்கிறான். சின்ன வயதில், கொல்லையில் இருந்த நீராவிக் குளியல் குடிசைக்குப் பின்னால், பொம்மைச் சட்டி செய்ய அவள் மண் தோண்டியபோது. அங்கே பாம்பு இருக்கும், அதனால்தான் என்று பிறகு அவனே அழுதான். அவளுக்கு இடது காது இன்றைக்கும் மந்தம்.

ஹசிந்தா வீட்டுக்குள் வந்து பைன் இலை பரப்பிய தரையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஒருத்தனும் சொல்லலம்மா. கூப்பிடாமலே புதைச்சிட வேண்டியதுதான்."

அம்மா நிமிரவில்லை. சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டாள். பிறகு, கடைக்குப் போய் உப்பு வாங்கிவரச் சொல்கிற குரலில், மூலையில் உட்கார்ந்திருந்த நிக்கோலாஸிடம் சொன்னாள்.

"எழுந்திருங்க. இடம் உங்களுக்குத்தானே தெரியும்."

நிக்கோலாஸ் எழுந்தான். தொப்பியை எடுத்துக்கொண்டான். எந்த இடம் என்று கேட்கவில்லை.

தூரம் ஒன்றும் இல்லை. கொல்லைக் கதவைத் திறந்து, கோழிக்கூட்டைத் தாண்டி, நீராவிக் குளியல் குடிசையைச் சுற்றிக்கொண்டு போய் நின்றான். பின்னால் வந்த ஹசிந்தாவின் கை தானாக இடது காதுக்குப் போனது.

ஒலிபெருக்கியில் மேயர் மன்னிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

நிக்கோலாஸ் சாராயத்தை ஊற்றினான். மெழுகுவத்தியை நட்டு, காற்றுக்கு உள்ளங்கையைக் குவித்து ஏற்றினான். பச்சைக் கிளை ஒன்றை ஒடித்து, கையில் குத்தாதபடி முள்ளையெல்லாம் கிள்ளிவிட்டு அவளிடம் நீட்டினான்.

"நீயே கூப்பிடும்மா. என் குரலுக்கு அவன் வரமாட்டான்."

அடுப்படி ஜன்னலில் அம்மாவின் முகம் தெரிந்தது. அந்த ஜன்னலிலிருந்து இந்த இடம் நன்றாகத் தெரியும்.

ஹசிந்தா கிளையை ஓங்கினாள்.

முதல் அடி தரையில் விழவில்லை. நிக்கோலாஸின் தொப்பிதான் விழுந்தது.