ஞாயிற்றுக்கிழமை ஆயில் சந்தேகம்

"ஆயில் கேஜை உருவிப் பாத்தேன் கண்ணு. ஆயிலு நீர்த்துப்போன மாதிரி இருக்குது," என்றார் குழந்தைசாமி. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, விரல்களில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பழைய துணியில் துடைத்தார்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் அர்விந்தின் குரலில் உடனே சுறுசுறுப்பு வந்துவிட்டது. "முகர்ந்து பாத்தீங்களா? பெட்ரோல் வாசனை வருதா?"

"லேசா வருது."

"அச்சா. அப்போ எத்தனால் பண்ற வேலைதான். இப்போ பெட்ரோல்ல இருபது பர்சன்ட் அதானே கலக்கறாங்க? அது தண்ணிய இழுக்கும். நம்மளுது டர்போ வண்டி வேற. டில்லி குளிர்ல இன்ஜின் நல்லா சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணிட்டா, எரியாத பெட்ரோலும் தண்ணியும் ஆயில்ல இறங்கிடும்."

"அப்பக் கெட்டியான ஆயிலா ஊத்திரலாமா? மெக்கானிக் பாலு ஃபைவ் டபிள்யூ ஃபார்ட்டி போடுங்கங்கறான்."

"கெட்டிய மட்டும் பாக்கக் கூடாதுப்பா. ஃபுல் சிந்தெடிக்கா இருக்கணும். பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும்னு டப்பால போட்டிருந்தாலும் நம்பாதீங்க, அஞ்சாயிரத்துல மாத்திடணும்."

"இரு சாமி, எழுதிக்கறேன்."

எழுதவெல்லாம் இல்லை. கல்லில் இருந்த ஊத்தப்பத்தைத் திருப்பிப் போட்டார். ஆமாம், அவர் நின்றுகொண்டிருந்தது ஜனக்புரி வீட்டுச் சமையலறையில். விரலில் ஒட்டியிருந்தது நல்லெண்ணெய். மகன் விட்டுப்போன சிவப்புக் காரை விற்று ஒன்றரை வருடம் ஆகிறது.

விற்கவேண்டும் என்று அவருக்கென்ன ஆசையா? "வித்துடாதீங்கப்பா, நான் வந்து ஓட்டுவேன்" என்று சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போனான் பையன். இவர் கண்ணில் புரை விழுந்த சங்கதியை யாரிடமும் மூச்சு விடாமல், ஒருநாள் காய்கறி வாங்க அதை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தொட்டாலே பாயும் வண்டி அது. நேரே போய் கேட் தூணில் முட்டியது. குழந்தைகள் விளையாடும் இடம். நல்லவேளை, அப்போது யாரும் அங்கே இல்லை. இரண்டு நாள் அவர் வண்டிப் பக்கமே போகவில்லை. வண்டி அவர் பேரில்தான் இருந்தது. மூன்றாம் நாள், விசாரித்து வந்த ஜெய்ப்பூர்க்காரர் ஒருவரிடம் தள்ளிவிட்டார்.

மகனிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. பயம் பாதிக் காரணம். மீதிக் காரணம் வேறு.

மனைவி பூங்கோதை இறந்தபிறகு ஞாயிற்றுக்கிழமை போன் ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடும். "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரிப்பா வைக்கறேன்." அவ்வளவுதான். மறுபடி ஏழு நாளைக்குக் குக்கர் விசில்தான் அவருக்குத் துணை. ஒரு ஞாயிறு, பேச்சை இழுக்க வேறு வழி தெரியாமல், "வண்டிக்கு ஆயிலு எதை ஊத்தறது கண்ணு?" என்று சும்மா கேட்டு வைத்தார். இருபத்திரண்டு நிமிஷம் பேசினான் பையன்.

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து மாயாபுரி போவார். மெக்கானிக் பாலுவிடம் ஒரு புதுச் சந்தேகத்தை வாங்கிக்கொண்டு வருவார். "வண்டியே இல்லாம இவ்வளவு ஆயில் ஞானம் டில்லியில உங்களுக்குத்தான் சார்," என்று பாலு கேலி செய்வான். செய்துவிட்டுப் போகட்டும்.

முன்பெல்லாம் வண்டியில் ஒரு கீறல் என்றாலும் போட்டோ அனுப்பச் சொல்லிக் குடைந்தெடுப்பான் அர்விந்த். போன வருஷத்திலிருந்து அந்தத் தொந்தரவு இல்லை. வயது ஏற ஏறப் பையனுக்கு நிதானம் வந்துவிட்டது என்று குழந்தைசாமி சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா? லீவு கெடச்சிருச்சு. இருபதாம் தேதி வர்றேன்."

தோசைத் திருப்பியை அப்படியே கீழே வைத்தார். மூன்று வருடம் கழித்து வருகிறான். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷமே ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கீழே வண்டி நின்ற இடத்தில் இப்போது பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் நிற்கிறது. வந்து இறங்கியதும் அதைத்தான் முதலில் பார்ப்பான். ஒன்றரை வருடமாக வாராவாரம் பொய் சொன்ன அப்பனுக்கு எந்தப் பிள்ளை போன் பண்ணுவான்?

வந்து நின்று கேட்பதைவிட, தானே சொல்லிவிடுவது மேல் என்று பட்டது.

"கண்ணு, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காத."

"சொல்லுங்கப்பா."

"வண்டி இல்ல சாமி. வித்துப்போட்டேன். ஒன்றரை வருஷமாச்சு. கேஜு, ஆயிலு எல்லாமே பொய்யி. நீ பேசறதக் கேட்டுட்டு இருக்கோணும்னுதான்..."

ஊத்தப்பம் கருகும் வாசனை வந்தது. அடுப்பை அணைத்தார். வைத்துவிட்டானோ என்று போனை எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை. இருபத்தாறாவது நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியும்ப்பா," என்றான் அர்விந்த். "வாங்குனவரு போன வருஷமே சர்வீஸ் புக்ல என் நம்பரப் பாத்துட்டு, என்ன ஆயில் ஊத்தறதுன்னு எனக்குத்தான் போன் பண்ணாரு."